பெயர் மாறாத ஓர் அணி வேண்டும்

அலவத்துகொட கடைவீதியில், டீ-சேர்ட்டுகளில் எழுத்தும் இலக்கமும் பதித்துக் கொடுக்கும் சிறிய கடையொன்று உண்டு. பேரனுக்கு ஒன்று வாங்கலாமென்று அங்கே போயிருந்த வேளையில், மென்பந்து கிரிக்கெட் ஆடும் பையன்கள் நால்வர் அவசரமாக உள்ளே வந்தார்கள். ஊர்ப் போட்டியொன்றுக்காக அவர்களுக்குப் பதினொரு டீ-சேர்ட்டுகள் தேவைப்பட்டன. முதுகில் அவரவர் பெயர், நெஞ்சில் கண்டி அணியின் பெயர் என்பது ஏற்பாடு. கணினியின் முன்னிருந்த இளைஞர் "கண்டி... அதுக்குப் பிறகு என்ன?" என்று கேட்டார். ஒருவன் 'ஃபால்கன்ஸ்' என்றான். மற்றவன் 'பி-லவ்' என்றான். நால்வரில் மூத்தவன் 'டஸ்கர்ஸ்' என்று அடித்துச் சொன்னான். வாக்குவாதம் முற்றியதும் அவன் என் பக்கம் திரும்பினான்.

"அங்கிள், நீங்க பேப்பர்ல இருந்தவர்தானே, எங்கட டீம்ட பேர் இப்ப என்ன?"

நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதிப் பிழைத்த எனக்கு, அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. மூவர் சொன்னதும் சரிதான் என்பதே அங்கிருந்த சங்கடம். மூன்றும் சரியாக இருக்கும் இடத்தில் ஒன்றும் சரியாக இராது. அன்றிரவு வீட்டுக்கு வந்த பின்னரும் அக்கேள்வி என்னை விடவில்லை. அதன் விளைவே இந்தக் கட்டுரை.

வெளிநாட்டு வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். அலவத்துகொட, கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ஏ-9 வீதியில், கட்டுகஸ்தோட்டையும் அக்குறணையும் தாண்டியதும் வரும் ஊர். அதே வீதி அப்படியே வடக்கே நீண்டு யாழ்ப்பாணம் வரை போகிறது. சிங்களமும் தமிழும் ஒரே கடையில், ஒரே மூச்சில் பேசப்படும் பகுதி இது. இங்கே கிரிக்கெட் என்றால் கண்டி. கண்டி என்றால் லங்கா பிரீமியர் லீக் சுற்றுத்தொடரில் ஆடும் கண்டி அணி.

அந்தச் சுற்றுத்தொடர் 2020இல் தொடங்கியது. அவ்வாண்டு எங்கள் அணிக்குப் பெயர் கண்டி டஸ்கர்ஸ். 2021இல் கண்டி வாரியர்ஸ். 2022இல் கண்டி ஃபால்கன்ஸ். 2023இல் பி-லவ் கண்டி. 2024இல் மீண்டும் கண்டி ஃபால்கன்ஸ். ஐந்து பருவங்களில் நான்கு பெயர்கள். யானை போர்வீரனாகி, போர்வீரன் வல்லூறாகி, வல்லூறு ஓர் விளம்பரப் பெயராகி, பிறகு திரும்பவும் வல்லூறானது. புராணங்களில் வரும் அவதாரங்களுக்குக்கூட இடையில் ஒரு யுகம் கழியும். எங்கள் அணிக்கு ஓராண்டு போதுமாக இருந்தது.

இனி ஆட்டக் கணக்குக்கு வருவோம். இரசிகனின் ஆதங்கம் வேறு, பதிவேடு வேறு. பதிவேடு என்ன சொல்கிறது?

2020இல், பெருந்தொற்றுக் காலமாதலால், எல்லா ஆட்டங்களும் ஹம்பாந்தோட்டை, சூரியவெவ மைதானத்தில் பார்வையாளர் இன்றி நடந்தன. சுற்றுத்தொடரின் முதல் ஆட்டமே எங்களுடையது. கொழும்பு கிங்ஸுக்கு எதிராக 219 ஓட்டங்கள் குவித்தும், அவர்களும் அதே 219ஐ எட்டிவிட, சுப்பர் ஓவரில் தோற்றோம். கிறிஸ் கெய்ல் வருவார் என்று முழங்கினார்கள், அவர் வரவில்லை. இர்ஃபான் பதானும் முனாஃப் பட்டேலும் வந்தார்கள். இருவரும் தத்தம் சிறந்த நாட்களை வேறெங்கோ கழித்துவிட்டு வந்தவர்கள். குசல் பெரேரா தலைமையிலான அந்த அணி ஐந்தில் ஐந்தாமிடம் பெற்றது. 2021இல் தலைவர் மாறினார். அஞ்சலோ பெரேரா வந்தார். மீண்டும் கடைசி இடம்.

2022இல் வனிந்து ஹசரங்க தலைவரானார். அந்த ஆண்டு லீக் சுற்றில் முதலிடம். ஆனால் இறுதிப் போட்டிக்குப் போக இயலவில்லை. 2023இல் அதே தலைவர். அந்தப் பருவத்தில் மிக அதிக ஓட்டங்களும் மிக அதிக விக்கெட்டுகளும் அவருடையவையே. காயத்தால் அவர் ஆட முடியாத இறுதிப் போட்டியில் அஞ்சலோ மெத்தியூஸ் பொறுப்பேற்க, ஆகஸ்ட் 20ஆம் திகதி தம்புள்ளையை 5 விக்கெட்டுகளால் வென்று கிண்ணத்தைக் கொண்டுவந்தோம். 2024இலும் ஹசரங்கவே தலைவர். இறுதிப் போட்டிக்கான இரண்டாவது தகுதிகாண் ஆட்டத்தில் யாழ்ப்பாணத்திடம் ஒரேயொரு ஓட்டத்தால் தோற்றோம். குசல் மெண்டிஸ் அன்று எங்களுக்கு எதிராக அடித்த சதத்தை இப்போதும் கனவில் காண்பவர்கள் இவ்வூரில் உண்டு.

இந்தக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். தலைவர் மாறிய ஆண்டுகளில் கடைசி இடம். தலைவர் நிலைத்த மூன்று ஆண்டுகளில் முதலிடம், கிண்ணம், ஓர் ஓட்டத் தோல்வி. ஓர் அணியை எப்படிக் கட்டியெழுப்புவது என்பதற்கு வெளியூர் நிபுணர் எவரையும் அழைக்கத் தேவையில்லை. பாடம் எங்கள் கொல்லையிலேயே கிடக்கிறது.

"யாழ்ப்பாணமும் பெயர் மாற்றிக்கொண்டதுதானே, 2020இல் ஸ்டாலியன்ஸ், 2021இல் கிங்ஸ். ஆனாலும் ஐந்தில் நான்கு கிண்ணங்களை வென்றார்களே" என்று நண்பரொருவர் மடக்கினார். நியாயமான வாதம். ஆனால் யாழ்ப்பாணம் பெயரை மாற்றியபோது முதுகெலும்பை மாற்றவில்லை. திசர பெரேரா தலைவராக முதல் மூன்று கிண்ணங்களையும் தொடர்ச்சியாக வென்றார். அவற்றில் முதலிரண்டு வெற்றிகளின்போதும் அவருடைய அணியில் சுழல் வீசியவர் யார் தெரியுமா? இதே ஹசரங்கதான். அவர் இங்கு வந்த பிறகே எங்கள் கொடி உயர்ந்தது. ஆகவே, அணி வெல்வதற்கு வேண்டியது நிலைத்த மையம். பெயர் வேண்டியது வெற்றிக்காக அல்ல, நேசிப்பதற்காக. ஒன்றில்லாமல் மற்றொன்று நெடுங்காலம் நில்லாது.

இத்தனைக்கும், பெயர் மாறாத அணி எப்படியிருக்கும் என்பதைக் கண்டிக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. நித்தவெலவில் கண்டி விளையாட்டுக் கழகம் இருக்கிறது. 1874இல் தொடங்கப்பட்டது. றக்பி ஆட்டத்தில் 1990கள் முதல் கொழும்பின் பெருங்கழகங்களைத் திணறடித்துவரும் கழகம் அது. அதன் தலைவர்கள் மாறினார்கள், வீரர்கள் மாறினார்கள், அனுசரணையாளர்கள் வந்துபோனார்கள். கழகம் கழகமாகவே இருந்தது. கொழும்பிலிருந்து வரும் அணி நித்தவெலவில் இறங்கும்போது எதிரே நிற்பது பதினைந்து பேர் மட்டுமல்ல, தகப்பனும் பாட்டனும் கூச்சலிட்ட அதே கூச்சலுங்கூட. கிரிக்கெட் அணிக்கு அந்தக் கூச்சல் இன்னும் வாய்க்கவில்லை. எந்தப் பெயரைச் சொல்லிக் கூச்சலிடுவது?

ஆகவே, அணியை மீளக் கட்டுவது பற்றி என் முதல் யோசனை ஏலத்தைப் பற்றியதல்ல, உரிமையைப் பற்றியது. 'கண்டி' என்ற பெயரும், அதனோடு சேரும் சின்னமும் நிறமும், அணியை வாங்கும் வணிகருக்குச் சொந்தமாக இருக்கலாகாது. அவை நகரத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். மத்திய மாகாணத்தின் பாடசாலைகள், கழகங்கள், பழைய வீரர்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் கொண்ட ஓர் அறக்கட்டளை அவற்றை வைத்திருக்கட்டும். பணம் போடுபவர் அப்பெயரைக் குத்தகைக்கு எடுத்து ஆட்டட்டும். குறைந்தது ஐந்து பருவங்களுக்கு. போகும்போது பெயரை விட்டுவிட்டுப் போகட்டும். விளம்பரத்துக்குச் சட்டையின் கை இருக்கிறது, முதுகு இருக்கிறது. நெஞ்சு ஊருக்கு உரியது.

இது கற்பனாவாதம் என்று சிரிப்பவர்களுக்கு ஜெர்மனியைச் சுட்டுவேன். அங்கே புண்டஸ்லிகா உதைபந்தாட்டக் கழகங்களில், ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, வாக்குரிமையின் பெரும்பான்மை கழக உறுப்பினர்களிடமே இருக்க வேண்டுமென்பது விதி. பணக்காரர் வரலாம், ஆனால் வீட்டுக்காரர் ஆகமுடியாது. அந்த விதியால் ஜெர்மானிய உதைபந்தாட்டம் அழிந்துவிடவில்லை; மைதானங்கள் நிரம்பி வழிகின்றன.

எங்கள் நிலை என்ன? 2024 மே மாதத்தில் தம்புள்ளை அணியின் உரிமையாளர் ஆட்டநிர்ணயக் குற்றச்சாட்டில் கைதாக, சுற்றுத்தொடருக்குச் சில வாரங்களே இருக்கையில் அந்த அணிக்குப் புதிய பெயரும் புதிய உரிமையாளரும் தேட வேண்டியதாயிற்று. 2025இல் நான்கு கிண்ணம் வென்ற யாழ்ப்பாணத்தின் உரிமையாளரும் கொழும்பின் உரிமையாளரும், ஒப்பந்தக் கடப்பாடுகளை நிறைவேற்றவில்லையென்று நீக்கப்பட்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் நடக்கவிருந்த ஆறாவது பருவம், உலகக் கிண்ணத்துக்கு மைதானங்களைத் தயார்செய்ய வேண்டுமென்று தள்ளிவைக்கப்பட்டது. உரிமையாளர் நிலையற்றவர், காலம் நிலையற்றது. பெயராவது நிலைக்கட்டும் என்று கேட்பது பேராசையா?

இரண்டாவது யோசனை, மண்ணின் மைந்தர்களைப் பற்றியது.

மதீஷ பத்திரண கண்டியில் பிறந்தவர். ரணபிம றோயல் கல்லூரியிலும் பின்னர் டிரினிட்டி கல்லூரியிலும் படித்தவர். கையைத் தோளுக்குக் கீழே சாய்த்து அவர் எறியும் அந்தப் பந்தை இந்தப் பகுதியின் ஒவ்வொரு ஒழுங்கையிலும் பையன்கள் நகலெடுக்கிறார்கள். அதில் அரைவாசிப் பந்துகள் பக்கத்து வீட்டு ஓட்டில் விழுகின்றன. 2024 மே மாதம் நடந்த லங்கா பிரீமியர் லீக் ஏலத்தில், அதுவரை எவருக்கும் கிடைக்காத விலையாக 1,20,000 டொலர்களுக்கு அவரை வாங்கிய அணி எது? கொழும்பு. 2025 டிசம்பரில் இந்திய பிரீமியர் லீக் ஏலத்தில் கொல்கத்தா அவரை 18 கோடி இந்திய ரூபாய்க்கு எடுத்தது. அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை, அது வேறு நாடு, வேறு சந்தை. ஆனால் கண்டிப் பையன் கொழும்புச் சட்டை அணிந்து பல்லேகலவில் ஓடிவரும்போது, மதிலோரம் நிற்கும் சிறுவன் யாருக்குக் கைதட்டுவான்?

ஏலம் திறந்திருக்கட்டும். ஆனால் ஒவ்வோர் அணியும், ஏலத்துக்கு முன்பே, தன் மாகாணத்தில் பிறந்த அல்லது முதன்முதலில் கடினபந்து ஆடிய இருவரை, ஏற்ற விலை கொடுத்துத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் உரிமை வேண்டும். இதற்கு எதிர்வாதம் ஒன்று வரும்: பெரும்பாலான வீரர்கள் கொழும்புப் பாடசாலைகளில் இருந்து வருகிறார்கள், இந்த விதியால் கொழும்புதான் கொழுக்கும் என்பார்கள். அதனாலேயே 'இருவர்' என்று வரம்பு கட்டுகிறேன். அதனாலேயே, கடைசியாகப் படித்த பாடசாலையைக் கணக்கிலெடுக்காமல் முதற்பாடசாலையைக் கேட்கிறேன். வெளியூர்ப் பிள்ளையைப் பதினைந்து வயதில் புலமைப்பரிசில் கொடுத்துத் தலைநகருக்கு அழைத்துக்கொள்வது இந்நாட்டின் பழைய வழக்கம். அவனுக்கு முதலில் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஊருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.

மூன்றாவது, அந்த ஊர்களைப் பற்றியது. பலருக்குக் கசக்கக்கூடியதும் இதுவே.

2007 டிசம்பர் 3ஆம் திகதி நான் அஸ்கிரியவில் இருந்தேன். போல் கொலிங்வூட்டின் விக்கெட்டைத் தகர்த்து முத்தையா முரளிதரன் தன் 709ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்து ஷேன் வோர்னைத் தாண்டிய நாள் அது. பிறந்த நகரத்தில், தாய் தந்தையர் பார்த்திருக்க, மலைச்சரிவைக் குடைந்தெடுத்தாற்போன்ற அந்தச் சிறிய மைதானத்தில் நிகழ்ந்தது. சூழ நின்ற பத்திரிகையாளர்களில் சிலர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். அது தொழில்முறைக்குப் பொருந்தாத காரியம். நானும் அவர்களில் ஒருவன். அஸ்கிரியவில் அதன் பிறகு டெஸ்ட் ஆட்டம் நடக்கவில்லை. 2010 முதல் எல்லாம் பல்லேகலவுக்குப் போயிற்று.

அந்த முரளி எப்படி உருவானார்? தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரன். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீசிக்கொண்டிருந்த சிறுவனைப் பார்த்து, பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ 'சுழல் வீசிப் பார்' என்றார். அந்த ஒரு வார்த்தையின் விளைவு 800 டெஸ்ட் விக்கெட்டுகள். அங்கே ஏலமும் இல்லை, கோடியும் இல்லை. ஒரு பாடசாலையும், ஒரு மைதானமும், கண் உள்ள ஒரு பயிற்றுநரும் இருந்தார்கள்.

மாத்தளையில் பிறந்து டிரினிட்டியில் வளர்ந்த குமார் சங்கக்கார மற்றொருவர். இந்த இருவரையும் தந்த மாகாணத்தில், இன்று கடினபந்து ஆடும் வாய்ப்பு எத்தனை பாடசாலைகளுக்கு இருக்கிறது? தோட்டப் பாடசாலையொன்றுக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் மென்பந்தில் அற்புதம் செய்வார்கள். காலுறைக் கவசமும் கையுறையும் தலைக்கவசமும் சேர்ந்தால் ஒரு தொழிலாளியின் வீட்டில் பல மாதச் சாப்பாடு. எனவே திறமை மென்பந்தோடு நின்றுவிடுகிறது. பதினெட்டு வயதில் அந்தப் பையன் கொழும்பில் ஏதோவொரு கடையில் சிப்பந்தியாகிறான்.

தொழில்முறை அணியொன்று இதில் என்ன செய்யலாம்? ஒரு வெளிநாட்டு நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் தொகையை ஒரே ஒரு பருவத்துக்கு ஒதுக்கிவைத்தால், கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களில் மாவட்டத்துக்கொரு பயிற்சி நிலையம் திறக்கலாம். வலை, பாய் விரித்த ஆடுகளம், பொதுவில் பாவிக்க மட்டைகள், சம்பளம் பெறும் ஒரு பயிற்றுநர், வேறொன்றும் வேண்டாம். ஆண்டுக்கொரு முறை பல்லேகலவில் தேர்வு. தேறும் இருவர் அணியோடு பயிற்சி செய்யட்டும். ஆடாவிட்டாலும் பரவாயில்லை, ஆடை மாற்றும் அறையில் இருக்கட்டும். யாழ்ப்பாணம் இதைச் செய்துகாட்டியது. யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் தன் ஊரின் அணிக்காகவே முதன்முதலில் ஆடினார். 2024இல் ஹைதராபாத் அணிக்காக இந்திய பிரீமியர் லீக்கில் பந்துவீசினார். ஒரு பையன் போனால் நூறு பையன்களுக்கு வழி தெரியும். ஏ-9 வீதி அங்கிருந்து இங்கும் வருகிறது.

நான்காவது, களத்தில் ஆட வேண்டிய பதினொருவரைப் பற்றியது. இரசிகன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

எங்களுக்குத் தோல்வி எங்கே நேர்கிறது? தொடக்கத்தில் அல்ல. 2024 ஜூலை 20ஆம் திகதி ஓர் ஓட்டத்தால் தோற்றது கடைசிப் பந்துவரை போன ஆட்டம். பத்து நாள் கழித்து, ஜூலை 30ஆம் திகதி, இதே பல்லேகலவில் தேசிய அணிக்கு நேர்ந்ததையும் நினைத்துப் பாருங்கள். இந்தியாவுக்கு எதிராகக் கடைசி 12 பந்துகளில் 9 ஓட்டங்கள் வேண்டும். ஆறு விக்கெட்டுகள் கையில் உண்டு. பந்து வீசியவர்கள் ரிங்கு சிங்கும் சூரியகுமார் யாதவும். இருவரும் துடுப்பாட்ட வீரர்கள்! நான்கு விக்கெட்டுகளைப் பறிகொடுத்து, ஆட்டத்தைச் சமன் செய்து, சுப்பர் ஓவரில் இரண்டே ஓட்டங்களுக்குச் சுருண்டோம். இது கண்டி அணியின் நோய் மட்டுமன்று, இலங்கைத் துடுப்பாட்டத்தின் நோய். அடித்து முடிப்பவர்கள் இல்லை. பதறாமல் ஒவ்வோர் ஓட்டமாக எடுப்பவர்கள் அதைவிடக் குறைவு.

ஆகவே, வெளிநாட்டு வீரர்களுக்கான பணத்தைத் தொடக்கத் துடுப்பாட்ட வீரர்மீது கொட்டாமல், ஐந்தாம் ஆறாம் இடங்களுக்குச் செலவிட வேண்டும். 2023 இறுதிப் போட்டியில் ஒரு பந்து மீதமிருக்க வென்றோம். கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்றவர் மெத்தியூஸ். அந்த நிதானத்துக்கு விலை உண்டு. இரண்டாவதாக, பல்லேகல ஆடுகளம் நாட்டின் பிற ஆடுகளங்களை விட வேகப்பந்துக்குச் சற்று உதவுவது. இரவில் பனி இறங்கினால் ஈரப் பந்தைப் பற்றிச் சுழற்றுவது கடினம். சுழல் அரசன் தலைவராக இருக்கும் அணிக்கு, கடைசி நான்கு ஓவர்களை வீசத் தெரிந்த இரு வேகப்பந்து வீச்சாளர்கள் கட்டாயம். அதில் ஒருவர் யாராக இருக்க வேண்டுமென்பதை மேலே சொல்லிவிட்டேன்.

'அணியைக் கலைத்துவிட்டு, சில ஆண்டுகள் தோற்றாலும் பரவாயில்லை, புதிதாகக் கட்டுவோம்' என்றொரு சித்தாந்தம் உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் பின்தங்கிய அணிகளுக்குப் புதிய வீரர்களை முதலில் தெரிவுசெய்யும் வாய்ப்பு அதிகம். அதை நம்பி பிலடெல்பியா அணி சில ஆண்டுகள் தோல்வியையே திட்டமாக வைத்துக்கொண்டது. 2015-16 பருவத்தில் 82 ஆட்டங்களில் வென்றவை பத்து மட்டுமே. சிறந்த வீரர்கள் சிலர் கிடைத்தார்கள், கிண்ணம் கிடைக்கவில்லை. தோற்கப் பழகியவனுக்கு வெல்லப் பழக்குவது எளிதன்று. சென்னை அணி இதற்கு மறுதலை. இரண்டாண்டுத் தடை முடிந்து 2018இல் திரும்பியபோது, பழைய தலைவரையும் பழைய தோழர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வயோதிகர் சங்கம் என்று கேலி செய்தார்கள். அவ்வாண்டே கிண்ணம். அந்தப் பெயரும் அந்த மஞ்சள் நிறமும் தடைக்காலத்தில்கூட மக்கள் மனதில் அழியவில்லை என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, பார்க்க வருபவர்களைப் பற்றி. பல்லேகல, நகரத்திலிருந்து விலகி திகன வீதியில் இருக்கிறது. இரவு ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் எங்கள் பக்கம் வர பஸ் கிடையாது. முச்சக்கர வண்டிக்காரர் கேட்கும் கூலியில் இன்னொரு ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கிவிடலாம். ஆட்ட நாட்களில் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, அலவத்துகொட வழியாக மாத்தளைக்கும், மறுபுறம் கம்பளைக்கும் நள்ளிரவு பஸ் சில ஓடினால் போதும். பாதி மைதானம் நிரம்பும். அறிவிப்புகள் மூன்று மொழிகளிலும் ஒலிக்கட்டும். இந்த மாகாணத்தில் தமிழ் பேசுவோர் விருந்தாளிகள் அல்லர். அந்த மைதானத்துக்கு முரளியின் பெயரைச் சூட்ட 2010இல் மாகாண சபை முடிவெடுத்ததும், இன்றுவரை எல்லாரும் அதைப் பல்லேகல என்றே அழைப்பதும் இங்கே நினைவுக்கு வருகின்றன. பெயர்களோடு எங்களுக்கு ஏதோ பகை இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மலைகளின்மேல் கொட்டியது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது கண்டி. எங்கள் பக்கத்துச் சரிவுகளும் தப்பவில்லை. மழைக்காலமென்றால் பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைகளுக்குள் நுழைவது பழகிப்போன துன்பம். அந்த வாரம் நடந்தது பழகக்கூடியதன்று. 'மீளக் கட்டியெழுப்புதல்' என்ற சொல் அதன் பின்னர் எல்லார் வாயிலும் இருக்கிறது. வீடும் வீதியும் முதலில். அதில் எனக்கு ஐயமில்லை. கிரிக்கெட் அணியைப் பற்றி இந்த நேரத்தில் பேசுவதா என்று என் மனைவியே கேட்டாள்.

ஆனால் புயலுக்குப் பின், நிவாரணப் பொதிகளைச் சுமந்து சேற்றில் ஏறியிறங்கியவர்களில், கடைவீதியில் டீ-சேர்ட் அடிக்க வந்த அந்தப் பையன்களும் இருந்தார்கள். சிங்களப் பையனும் முஸ்லிம் பையனும் தோட்டத்துப் பையனும் ஒரே அணியாய் நின்றார்கள். மென்பந்து ஆடிப் பழகிய அணி அது. யார் எங்கே நிற்பது, யார் யாருக்குக் கைகொடுப்பது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஓர் ஊருக்கு அணி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய விடை இவ்வளவுதான்.

கடையில் நடந்ததைச் சொல்லி முடிக்கவில்லையே. "வெறுமனே கண்டி என்று அடிக்கச் சொல்லு தம்பி. அது மாறாது" என்றேன். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எழுத்தும் குறையும், காசும் குறையும்" என்றான் மூத்தவன். கடைக்கார இளைஞர் எந்த மொழியில் அடிப்பதென்று கேட்டார். மறுபடியும் வாக்குவாதம் தொடங்கியது. நான் பேரனின் டீ-சேர்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மூன்று மொழிகளிலும் அடித்தார்கள் என்பதைப் பிறகு மைதானத்தில் கண்டேன். எழுத்துகள் நெருக்கமாக, சற்றே கோணலாக இருந்தன. முதல் ஆட்டத்தில் தோற்றுவிட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டும் அதே டீ-சேர்ட்டை அணியலாம்.